கமாண்டரின் மூன்றாவது கேள்வி

எங்கள் டாக்டர் நோயாளிகளின் தலையை மோந்து பார்ப்பார். நாடி பிடிப்பதற்கு முன்பே, தலைமுடிக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை ஆழமாக இழுப்பார். பிறகு நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தேங்காய் எண்ணெய். செக்கு" என்று தீர்ப்புச் சொல்வார்.

சென்ற மாதம் மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய புகைப்படத்தைப் போட்டார்கள். ஓய்வுபெற்ற பிறகும் என்னை அந்தக் குழுவிலிருந்து நீக்கவில்லை. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. படத்தில் ஒரு பெண்மணியின் கொண்டைக்குள் டாக்டரின் மூக்கு பாதி புதைந்திருக்கிறது. கண்களை மூடியிருக்கிறார். பக்கத்தில் நான் ஒரு தட்டை ஏந்தி நிற்கிறேன். தட்டில் ஒரு செல்போன், ஒரு லைட்டர், ஒரு தைலப் புட்டி. இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் வரிசையாகக் கேட்டார்கள்: "அண்ணே, இது என்ன பூஜை?" ஒரு வரியில் பதில் எழுதப் பார்த்தேன். அடங்கவில்லை.

நான் அழுத்த ஆக்சிஜன் அறையின் ஆபரேட்டர். கப்பலுக்கு அடியில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு மேலேயிருந்து காற்று அனுப்பும் கம்பெனி ஒன்றில் தொடங்கினேன். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து கை கால் முடங்கியவர்களை ஓர் இரும்பு அறைக்குள் அடைத்து, மறுபடி அழுத்தம் ஏற்றி, மெதுவாக இறக்குவோம். அதை அங்கேதான் கற்றேன். கம்பெனி மூடியபோது அந்த அறையை இராயபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை வாங்கியது. கூடவே என்னையும் வாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

அறை என்றால் கட்டில், ஜன்னல் எல்லாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் காஸ் டேங்கர் லாரியிலிருந்து லாரியைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது எதுவோ, அதுதான். உள்ளே எதிரெதிராக ஆறு இருக்கைகள், சுவரில் கனத்த கண்ணாடி வைத்த வட்டத் துவாரங்கள். மணலியில் பாய்லர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், கால் புண்ணுக்காக வந்தவர், வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "பெர்மிட் எங்க?" என்றார். தொட்டிக்குள் ஆள் இறங்குவதென்றால் பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்ட பெர்மிட் வாசலில் தொங்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் இறங்கியிருக்கிறார். மனைவி கெஞ்சினார், மகன் அதட்டினான். கடைசியில் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் 'பெர்மிட்' என்று எழுதிக் கையெழுத்திட்டு வாசலில் ஒட்டினார். மனிதர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அவரைக் கமாண்டர் என்றே கூப்பிட்டோம். வெள்ளைக் கான்வாஸ் ஷூ, நேர் வகிடு, தோளில் ஒரு டீ பிளாஸ்க். ஆமாம், இல்லை என்ற இரண்டு தமிழ்ச் சொற்களையும் அவர் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "அஃபர்மேட்டிவ்", "நெகட்டிவ்", அவ்வளவுதான். சர்க்கரை போடட்டுமா என்று கேன்டீன்காரர் கேட்டாலும் "நெகட்டிவ்".

தலையை மோப்பதற்குக் காரணம் உண்டு. ஆக்சிஜன் அழுத்தமாக இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சுலபத்தில் தீப்பிடிக்கும். பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு ஓட வழியில்லை. அதனால் தலையில் எண்ணெய் கூடாது, நைலான் புடவை கூடாது, தீப்பெட்டி, பீடி, போன், தைலம், மெழுகு அடைத்த தாயத்து எதுவும் கூடாது. பருத்தி அங்கி மட்டும். மற்றதையெல்லாம் ஸ்டெல்லா சிஸ்டர் சோதித்துத் தட்டில் வைப்பார். தலைக்கு மட்டும் கமாண்டர் தன் மூக்கைத் தவிர வேறெதையும் நம்பவில்லை.

ஸ்டெல்லா இராயபுரத்துக்காரர். நோயாளிகளோடு ஒவ்வொரு முறையும் அறைக்குள் போய் உட்காருபவர் அவர்தான். வெளியே பலகையில் வால்வுகளோடு நான். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துவாரமும் ஒரு மைக்கும்.

தொடக்கத்தில் சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்கள்தான் வந்தன. பிறகு சிறுநீரக சர்ஜன் ஒருவர் வேறு வகை நோயாளிகளை அனுப்பத் தொடங்கினார். கர்ப்பப்பை வாயிலோ புராஸ்டேட்டிலோ புற்று வந்து, கதிர்வீச்சு கொடுத்துக் குணமாகி, சில வருடம் நிம்மதியாக இருந்து, ஒருநாள் காலையில் சிறுநீரில் ரத்தத்தைப் பார்த்து உறைந்துபோனவர்கள். புற்று திரும்பியிருக்காது. அன்று புற்றைச் சுட்ட கதிர், பக்கத்தில் இருந்த சிறுநீர்ப்பையின் மெல்லிய ரத்தக்குழாய்களையும் சுட்டிருக்கும். வருடம் போகப் போக அந்தச் சுவர் காய்ந்து, வெடித்து, கசியும். அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் தொடர்ந்து கொடுத்தால் அங்கே புதுக் குழாய்கள் துளிர்க்கும். வாரம் ஐந்து நாள், எட்டு வாரம், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம். எல்லோருக்கும் பலிக்கும் என்று கமாண்டர் யாருக்கும் சொன்னதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஓட வேண்டிய நோயாளிகளை, இரண்டு மணி நேரம் கதவே திறக்காத இரும்புப் பீப்பாய்க்குள் உட்கார வைக்கிறோம்.

அதற்காக அறையின் கோடியில் ஒரு துணித்திரை, அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதன் கீழே ஒரு எவர்சில்வர் பாத்திரம் வைத்திருந்தோம். திரை கண்ணை மறைத்தது. காதை மறைக்கவில்லை. இரும்பு அறைக்குள் எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் விழும் ஓசை என்னவென்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அதற்கும் மேலே கமாண்டரின் கேள்விகள் இருந்தன. சிகிச்சையின் நடுவில் சிறிது நேரம் எல்லோரும் ஆக்சிஜன் வருவதற்காகத் தலையில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க வேண்டும். ஓயாமல் ஆக்சிஜன் போனாலும் ஆபத்து. அந்த இடைவேளையில் கமாண்டர் மைக்கைப் பிடித்து, கப்பலில் ஆள் எண்ணுவதுபோல், ஒவ்வோர் இருக்கைக்கும் மூன்று கேள்வி கேட்பார்.

"இருக்கை ஒன்று. காது? மூச்சு? சிறுநீர்?"

பதில் என் பலகையில் இருந்த ஸ்பீக்கரில் வரும். பலகை இருந்தது காத்திருப்போர் கூடத்தின் ஒரு மூலையில், இடுப்பளவுத் தடுப்புதான். கேள்வியும் பதிலும் கூடம் முழுக்கக் கேட்கும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் தேசம்மா வந்து சேர்ந்தார்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் முகத்துவாரக் கரையில் இறால் ஏலம் விடுபவர். ஐம்பதைத் தாண்டியவர், கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு வாங்கியவர். புகைப்படத்தில் இருப்பது அவருடைய கொண்டைதான். முதல் நாள் கமாண்டர் மூக்கை நீட்டியதும் ஓரடி பின்வாங்கினார்.

"இன்னா டாக்டரு, மோந்து பாக்குற? நேத்து புட்ச்ச மீனா, இன்னிக்கி புட்ச்ச மீனான்னா?"

"தேங்காய் எண்ணெய்," என்றார் கமாண்டர், முகம் மாறாமல். "செக்கு."

"செக்கு இல்ல. கடைல வாங்குனது."

"ஸ்டெல்லா, இவர்கள் தலைக்குக் குளித்துவிட்டு வரட்டும்."

"செவ்வாக்கெயம தான் நான் தலைக்கு ஊத்திப்பேன்."

"நெகட்டிவ்."

ஸ்டெல்லா சீயக்காயோடு அழைத்துப் போனார். ஈரத் தலையோடு திரும்பி வந்த தேசம்மா என்னிடம், "அந்தாளுக்கு வூட்ல பொண்டாட்டி கீதா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "பாவம், இன்னா எண்ணெய் தேய்க்குதோ," என்றார்.

சிரிக்க வைப்பாரே தவிர, அவர் வந்த காரணம் சிரிப்பதற்கில்லை. சர்ஜன் தெளிவாகச் சொல்லியிருந்தார்: எட்டு வாரம் முடிந்ததும் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பேன், கசிவு நின்றிருந்தால் சரி, இல்லையென்றால் சிறுநீர்ப்பையை எடுத்துவிட்டு வயிற்றில் வெளியே ஒரு பை மாட்ட வேண்டும். தேசம்மா அதை ஸ்டெல்லாவிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது.

"ஏலத்துல ஆம்பளங்க நாலு பக்கமும் இட்ச்சிகினு நிப்பானுங்க சிஸ்டர். கூடையத் தூக்குறவன் முழங்கை எங்க படும்னு தெரியாது. வவுத்துல பைய மாட்டிகினு அங்க நிக்க முடியுமா? அத்தோட என் வேல பூட்சி."

எதிர் இருக்கையில் இருந்தவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர். எழுபது வயது. புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர். அவருக்கும் அதே கசிவு. அழுத்தம் ஏறினால் குரல் மெலிந்து மூக்கில் பேசுவதுபோல் ஆகும். அண்ணாச்சியின் கனத்த குரல் முதல் நாள் அப்படி மெலிந்தபோது தேசம்மா சிரித்த சிரிப்பில் தலைக்கூண்டில் ஆவி படிந்தது.

"என்னம்மா சிரிக்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீ பேசு. இன்னும் கொஞ்சம் பேசு."

எத்தனை அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தம் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டில் போய்ப் பெருமையடித்தார். "எங்க வூட்டு ஆம்பளங்க ஒருத்தனும் அம்மாம் ஆழம் போனது இல்ல. நான் டெய்லி போய்ட்டு வரேன், புடவ நனையாம."

மூன்றாவது கேள்வி வந்தால் மட்டும் இருவருமே வேறு ஆட்களாகிவிடுவார்கள். கூடத்தில் அண்ணாச்சியின் மருமகன் உட்கார்ந்திருப்பார். தேசம்மாவோடு வந்த குப்பத்துப் பெண்கள் இருப்பார்கள். "இருக்கை மூன்று. சிறுநீர்?" என்று கமாண்டரின் குரல் முழங்கும். "தேவயில்ல" என்பார் தேசம்மா, நுனி நாற்காலியில் பல்லைக் கடித்தபடி. "சுகமா இருக்கேன்" என்பார் அண்ணாச்சி, கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்று தெரிந்தே.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், சிகிச்சையின் நடுப்பகுதியில், தேசம்மா பேச்சை நிறுத்தினார். துவாரத்தின் வழியாகப் பார்த்தேன். அடிவயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் மடங்கியிருந்தார். ஸ்டெல்லா கூண்டைக் கழற்றினார்.

"வெடிச்சி போற மாரி கீது சிஸ்டர்... வருது, ஆனா வர மாட்டுது..."

ஸ்டெல்லா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்: "சார், கல்லு மாதிரி இருக்கு. கட்டி அடைச்சிருக்கு." கசிந்த ரத்தம் உறைந்து, கட்டியாகி, வாசலை அடைத்துவிட்டது. பின்னால் சிறுநீர் நிரம்பிக்கொண்டேயிருக்கிறது.

கமாண்டர் பிளாஸ்கை மூடி வைத்தார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை; அவசரம் கூடக் கூட வாக்கியம் குறையும். "மேலே கொண்டுவர எவ்வளவு நேரம்?" "அழுத்தம் எறங்கப் பத்து நிமிஷம் சார்." "வெளியே எடுத்து, படுக்க வைத்து, இன்னும் பத்து. ஸ்டெல்லாவின் கை அங்கேயே இருக்கிறது. குழாய் உள்ளே போகட்டும்."

சுவரில் சின்ன இரட்டைக் கதவு ஒன்று உண்டு. வெளிக்கதவைத் திறந்து பொருளை வைத்து மூடினால், உள்ளே இருப்பவர் அழுத்தத்தைச் சமப்படுத்தி உள்கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். குழாய், உப்புநீர், பெரிய ஊசிக்குழல் எல்லாம் அந்த வழியே போயின. சிறுநீர்க் குழாயின் நுனியில், நழுவாமல் இருக்க ஒரு சின்ன பலூன் இருக்கும். "பலூனில் தண்ணீர். காற்று நெகட்டிவ்," என்றார் கமாண்டர். ஆழத்தில் காற்றால் நிரப்பினால் மேலே வரும்போது விரிந்து உடையும். ஸ்டெல்லா எப்போதுமே தண்ணீர்தான் நிரப்புவார். ஆனாலும் கமாண்டர் மூன்று முறை சொன்னார். ஸ்டெல்லா மூன்று முறையும் "சரி சார்" என்றார்.

திரைக்குப் பின்னால் தேசம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தேசம்மா முனகலை அடக்குவது ஸ்பீக்கரில் கேட்டது. கூடத்தில் எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியிருந்தார்கள். அப்போதுதான் என் மீட்டரைப் பார்த்தேன். அவசரத்தில் கழற்றிய கூண்டிலிருந்து ஆக்சிஜன் அறைக்குள் வழிந்து அளவு ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஏறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உள்வால்வையும் வெளிவால்வையும் ஒரே நேரத்தில் திறந்து, அழுத்தம் குறையாமல் பழைய காற்றைத் தள்ளிப் புதுக் காற்றை விடுவது. ஃப்ளஷ் என்போம். திறந்தேன். எண்ணூரில் கூட்ஸ் ரயில் பக்கத்தில் போவதுபோல ஒரு பேரிரைச்சல். உள்ளே யார் என்ன பேசினாலும் காதில் விழாது.

இரைச்சல் அடங்கியபோது ஸ்டெல்லா திரைக்கு வெளியே நின்று கட்டைவிரலை உயர்த்தினார். கட்டிகள் வந்துவிட்டன. தேசம்மா பின்னால் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார், வலி போன அழுகை.

மேலே வந்த பிறகு ஸ்டெல்லா அவரைப் பிடித்துக்கொண்டார். "காலைலருந்து எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"வாய் கொப்புளிச்சேன்."

"குடிச்சியான்னு கேட்டேன்."

"குடிச்சா வரும். வந்தா அந்தாளு மைக்ல கேப்பான். கூடத்துல எங்க சனம் குந்திகினு கீது. செத்தாலும் பரவால்லன்னு வாயக் கட்டிகினேன்."

இந்த நோய்க்கு மருந்தைவிட முக்கியம் தண்ணீர். ரத்தம் உறையாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதை அடக்கியதுதான் கட்டியாகிவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி தரையைப் பார்த்தபடி, "நானும் காலைல காப்பிகூட குடிக்கதில்ல," என்றார்.

இரண்டு நாள் வார்டில் இருந்து கழுவிவிட்டு, தேசம்மா திரும்பி வந்தார். நேராக என் தடுப்புக்கு வந்து குனிந்தார்.

"ஆப்ரேட்டரு, அன்னிக்கு ஒரு சத்தம் வந்துச்சே. அது இன்னா?"

சொன்னேன்.

"அத்த நெனச்சப்பல்லாம் போடலாமா?"

"தேவைப்பட்டா போடலாம்."

"எனக்குத் தேவப்படும்." இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். "ஏலத்துல நான் இப்டி காட்டுனா கேட்டவனுக்குக் குடுத்துட்டேன்னு அர்த்தம். கண்ணாடி வழியா இத்த பாத்தா, நீ சத்தத்தப் போடு. அந்தாளு டீ குடிக்கப் போன பொறவு."

இடைவேளையில் காற்றை மாற்றக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. கமாண்டர் மூன்று கேள்வியும் கேட்பார். "தேவயில்ல" என்பார் தேசம்மா. கமாண்டர் பிளாஸ்கோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடியில் இரண்டு விரல் எழும். கூட்ஸ் ரயில் போகும். ஸ்டெல்லா திரையை விலக்கிப் பாத்திரத்தை எடுத்து வைப்பார். முதல் மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் எதிர் இருக்கையிலும் இரண்டு விரல் உயர்ந்தது, எங்கே இறங்குவதென்று தெரியாத பஸ் பயணியைப் போலத் தயங்கித் தயங்கி. திறந்தேன்.

அதன் பிறகு இருவரும் வெளிப்படையாகவே சண்டை போட்டார்கள்.

"ஏம்மா, நேத்து நீ மூணு தடவ கையத் தூக்குன. எனக்கு ரெண்டுதான் கெடச்சிருக்கு."

"இன்னா அண்ணாச்சி, இதுலயும் எட போட்டு பாக்குறியா?"

"ஒனக்குக் குடுக்கும்போது சத்தம் நீளமா வருது. எனக்குச் சட்டுனு நின்னுருதுல்லா."

"நீ சீக்கிரம் முடிச்சிக்கோயேன்!"

இருவரும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தார்கள். ஐந்தாவது வாரத்தில் தேசம்மா ஸ்டெல்லாவிடம் நிறத்தைச் சொன்னார்: "மொதல்ல கட்டி ரத்தம். அப்பறம் மீன் கழுவுன தண்ணி. இப்ப வெளுத்துகினு வர்து சிஸ்டர்." அன்று ஸ்டெல்லா அவர் கன்னத்தைக் கிள்ளினார்.

கிள்ளிய வாரமே தொல்லை வந்தது. ஃப்ளஷுக்குக் காற்று ஏராளமாகத் தேவை. சேமிப்பு சிலிண்டர்களின் மீட்டரில் முள் இறங்கியது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடியது. கமாண்டர் அதன் முன் நின்று ஓர் இசைக் கச்சேரியைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லீக்," என்றார்.

"இருக்காது சார்," என்றேன்.

"நெகட்டிவ். லீக். கண்டுபிடிக்கும் வரை அறை மூடப்படுகிறது."

கசிகிற அறைக்குள் நோயாளியை வைக்க அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்; அவர் நிலையில் அது சரியும்கூட. வாளியில் சோப்புத் தண்ணீரோடு ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையால் தடவினார். கசிந்தால் குமிழி வரும். வரவில்லை. மறுநாளும் தடவினார். அறை மூடியே இருந்தது. சிகிச்சையை நடுவில் விட்டால் துளிர்த்த குழாய்கள் என்னாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சர்ஜன் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றார் ஸ்டெல்லா. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தாயி, அவர்கிட்ட சொன்னா மைக்ல கேப்பாரு. மருமவன் முன்னால எனக்கு மானம் போயிரும். நான் நாளைலேந்து வரமாட்டேன், சொல்லிட்டேன்." தேசம்மா மூன்று நாளாகக் காலையில் வந்து மூடிய கதவுக்கு எதிரே உட்கார்ந்து, மதியம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஸ்டெல்லாவின் காதில், "மறுபடி லேசா செவப்பு தெரியுது" என்றார். பிறகு வெகுநேரம் கமாண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் கமாண்டர் அறிவித்தார்: "வெளியே குமிழி இல்லை. உள்ளே ஒருவர் உட்கார்ந்து, காதால் கேட்க வேண்டும். நானே போகிறேன். அழுத்தம் ஏற்றி, முக்கால் மணி நேரம், வால்வை யாரும் தொடக் கூடாது. தொட்டால் சோதனை முதலிலிருந்து." யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது என்பது அவருடைய விதி, அதனால் ஸ்டெல்லாவும் போனார்.

புறப்படும் நேரத்தில் தேசம்மா ஓர் இளநீரோடு எதிரே வந்தார். "உள்ள சூடா இருக்கும் டாக்டரு. குடிச்சிட்டுப் போ." கமாண்டர் நெகிழ்ந்துபோனார் என்றே நினைக்கிறேன். குடித்தார். இன்னோர் இளநீர் வந்தது. அதையும் குடித்தார். ஏற்கெனவே அவருக்குள் அரை பிளாஸ்க் டீ இருந்தது. இளநீரை நான் அப்போதே பார்த்தேன். அதன் பொருள் எனக்கு அரை மணி கழித்துத்தான் புரிந்தது.

முதலில் அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார். இருக்கை இருக்கையாக நகர்ந்தார். பிறகு உட்கார்ந்தார். காலை மாற்றிப் போட்டார். எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். ஸ்டெல்லா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆபரேட்டர்," என்றது ஸ்பீக்கர். குரல் மெலிந்திருந்தது, அழுத்தத்தால்.

"சார்."

"ஒரு ஃப்ளஷ் கொடுங்கள்."

"எதுக்கு சார்?"

"ஆக்சிஜன் அளவு."

"ஆக்சிஜன் திறக்கவே இல்ல சார். அளவு சரியா இருக்கு. வால்வைத் தொட்டா சோதனை முதல்லேருந்துன்னு நீங்கதான்..."

கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பியது. தேசம்மா குனிந்தார்.

"இருக்கை ஒண்ணு," என்றார், கமாண்டரின் அதே தாளத்தில். "காது?"

உள்ளே கமாண்டர் மறுபடி எழுந்து நின்றார்.

"மூச்சு?"

துவாரத்தின் வழியாகக் கமாண்டர் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

"டாக்டரு, மூணாவது கேக்கட்டா? வேணாமா?"

கமாண்டர் கோடியிலிருந்த திரையைப் பார்த்தார். கடைசியில் ஸ்பீக்கர் சொன்னது, மிகச் சின்னக் குரலில்: "அஃபர்மேட்டிவ்."

"ஆப்ரேட்டரு, சத்தத்தப் போடு," என்றார் தேசம்மா. "நீளமா போடு. பெரிய மனுஷன்."

இரண்டு வால்வையும் திறந்தேன். இரைச்சலுக்கு நடுவே துவாரத்தில் ஸ்டெல்லாவின் முதுகு மட்டும் தெரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

கமாண்டர் வெளியே வந்ததும் யாரையும் பார்க்காமல் சிலிண்டர்களிடம் போனார். அந்த ஒரு ஃப்ளஷுக்கு முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பினார்.

"எத்தனை நாளாக?"

"அந்தக் கட்டி வந்துச்சே, அதுலருந்து," என்றார் தேசம்மா.

"எத்தனை பேர்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கூடத்தின் பின்வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். பக்கத்தில் மருமகன் இருந்தார். "நானுந்தான்," என்றார், சொந்தக் கனத்த குரலில்.

கமாண்டர் தலையை ஒருமுறை அசைத்தார். "லீக் கண்டுபிடிக்கப்பட்டது," என்று அறிவித்தார். "நாளை காலை வழக்கம்போல்." தன் அறை வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "ஆபரேட்டர். இனிமேல் இடைவேளைக்கு ஃப்ளஷ் கட்டாயம். யாரும் கேட்க வேண்டியதில்லை." மறுநாளிலிருந்து அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். ஒரு வாரத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு எனக்குக் காதில் மாட்டும் கருவி வந்தது.

சர்ஜன் தேசம்மாவுக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் நாளில் ஸ்டெல்லா கூடப் போனார். நான் பலகையை விட்டு நகர முடியாது. திரும்பி வந்த ஸ்டெல்லா தடுப்பின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, மூச்சு வாங்கிவிட்டு, சர்ஜன் சொன்னதை அப்படியே சொன்னார்: சுவர் இன்னும் சில இடங்களில் வெளிறித்தான் இருக்கிறது, ஆனால் கசிவு நின்றுவிட்டது, சிறுநீர்ப்பையைத் தொடப்போவதில்லை. அண்ணாச்சிக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. அவருக்குக் குறைந்தது, நிற்கவில்லை. இன்னொரு சுற்று வந்தார். அந்தச் சுற்றில் எதிர் இருக்கையில் யாரும் சண்டைக்கு வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்க நெட்டுக்குப்பம் போனேன். படகுகள் வந்து, கூடைகள் இறங்கியிருந்தன. நடுவில் தேசம்மா, நாலு பக்கமும் ஆண்கள் இடித்துக்கொண்டு நிற்க, விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். கையில் பெரிய தண்ணீர் பாட்டில். ஒரு மிடறு குடிப்பார், ஒரு விலை சொல்வார். பெரிய கூடைக்கு இரண்டு பேர் விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சட்டென்று நிறுத்தினார்.

"நில்லுங்க. ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன். எவனாவது கூடைல கைய வெச்சீங்க, அவ்ளோதான்."

வேன் கொண்டுவந்திருந்த வியாபாரி ஒருவர் பொறுக்க முடியாமல் கத்தினார்: "இன்னாமா இது, ஐஸு கரையுது!"

"கரையட்டும்," என்றார் தேசம்மா. வேகம் கூட்டாமல் வீட்டை நோக்கி நடந்தார்.

ஐஸ் கரைந்தது. நாங்கள் நின்றோம்.